செயலாளர் ஆண்டறிக்கை: ஒரு தலைப்புக்கு நான்கு கூட்டங்கள்

தலைவர் அவர்களே, மன்றத்து உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை கூட்டம் நடந்தது, எவ்வளவு செலவானது என்பதோடு இந்த அறிக்கை முடிந்துவிடுவதுதான் வழக்கம். இவ்வாண்டு அவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன. ஐப்பசி மழையில் ஒன்று தவறியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதே மழையில் நூலக அறையின் ஓடு ஒழுகி, கலைக்களஞ்சியத்தின் ஏழாம் தொகுதி நனைந்துவிட்டது. பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த அதே கலைக்களஞ்சியம்தான். வீட்டின் உள்முற்றமான வளவில் வைத்து மூன்று நாள் காயவைத்தோம். அட்டை அப்பளம்போல் வளைந்துகிடக்கிறது, எழுத்துக்குச் சேதமில்லை.

இனி, செட்டிநாட்டு வட்டாரக் களஞ்சியப் பணி. ஒவ்வொரு தலைப்புக்கும் நாம் எழுதிச் சேர்க்கும் குறிப்புச் சீட்டுகள் இந்த ஆண்டு குறைவாகவே சேர்ந்தன. காரணம் சோம்பல் இல்லை. ஒரே ஒரு சீட்டின் தலைப்பைப் பற்றி நான்கு மாதக் கூட்டங்கள் வாதிட்டோம். வராத உறுப்பினர்கள் பலர், ‘ஒரு தலைப்புக்கா இத்தனை பாடு?’ என்று கேட்டதால் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

பர்மாவைப் பற்றிய சீட்டுகளை எழுதும் பொறுப்பை ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஏற்றிருந்தார். 1930ஆம் ஆண்டு மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளருக்கும் பர்மியருக்கும் மூண்ட கலவரம், அதை ஒட்டிப் பிறந்த பர்மிய தேசிய இயக்கமான தோபாமா, ‘பர்மா பர்மியருக்கே’ என்று எழுந்த முழக்கம், இந்தியரைப் பார்த்து வீசப்பட்ட ‘கலா’ என்ற வசைச்சொல் எல்லாவற்றையும் ஒரே சீட்டில் அடக்கி, மேலே ‘பர்மாவில் ஏற்பட்ட மனக்கசப்பு’ என்று தலைப்பிட்டிருந்தார். நல்ல மனிதர், யார் மனமும் நோகக்கூடாது என்று நினைத்தார்.

அந்தக் கூட்டத்துக்கு ஓர் ஆச்சி வந்திருந்தார். சிறுவயதில் ரங்கூனில் இருந்து, 1964இல் தம் அப்பச்சியோடு, அதாவது தந்தையோடு, கப்பலில் திரும்பியவர். சீட்டுகள் வைத்திருக்கும் பர்மா அரக்குச் சம்படத்தைப் பட்டாலையில் தம் மடிக்கு அருகே இழுத்து வைத்துக்கொண்டு, ‘க’ வரிசையில் ஒவ்வொரு சீட்டாகத் தள்ளிப் பார்த்தார். கண்டாங்கி வந்தது, கந்தரப்பம் வந்தது, கவுனி அரிசி வந்தது. பிறகு நிமிர்ந்து, “தம்பி, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் எங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ அதைக் காணோமே. உங்கள் புத்தகத்தில் அது நடக்கவே இல்லையா?” என்று கேட்டார். ‘ப’ வரிசையில் மனக்கசப்பு என்று இருக்கிறது ஆச்சி என்றேன். “கசப்பு எங்களுக்கா, அவர்களுக்கா?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்று தொடங்கியது வாதம். பொருளாளர் ஒரு பக்கம் உறுதியாக நின்றார். அவருடைய கட்சியை அவர் சொற்களிலேயே தருகிறேன்: “வீட்டின் உள்ளே இரண்டாங்கட்டில் பேசுவதும் முகப்பில் எழுதிவைப்பதும் ஒன்றாகுமா? உள்ளே கட்டுரையில் என்ன வேண்டுமானாலும் விளக்குங்கள். தலைப்பு முகப்பு. அங்கே வசையைத் தடித்த எழுத்தில் பொறித்தால் புத்தகமே நம்மை வைவதுபோல் இருக்கும்.” நன்னூலார் சொன்ன இடக்கரடக்கலையும் துணைக்கு அழைத்தார். அதற்குத் தமிழாசிரியையான உறுப்பினர் கொடுத்த மறுமொழி எனக்குப் பிடித்திருந்தது. அவையில் சொல்லக் கூசுவதை ‘கால் கழுவி வந்தேன்’ என்று மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல்; கேட்பவருக்கு எது மறைக்கப்பட்டது என்பது தெரியும். ‘மனக்கசப்பு’ என்று போட்டால் நாளைக்குப் படிக்கும் பிள்ளைக்கு எது மறைந்திருக்கிறது என்றே தெரியாது என்றார் அவர்.

இரண்டாம் கூட்டத்தில் ஓர் இளைஞர் வேறொரு செய்தி சொன்னார். 2017இல் பேஸ்புக் நிறுவனம் ‘கலா’ என்ற சொல்லைப் பர்மிய மொழிப் பதிவுகளிலிருந்து களையப் புறப்பட்டதாம். அந்த மொழியில் கொண்டைக்கடலைக்குக் ‘கலாபே’ என்று பெயர், நாற்காலிக்குக் ‘கலாதைங்’. வசையை எடுக்கப்போன இடத்தில் கடலையைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் எழுதியவர்களின் பதிவுகள் நீங்கின. அந்த வசையைக் கண்டித்து எழுதியவர்களும் தப்பவில்லை. ஆச்சி சிரித்துவிட்டார். “நாற்காலியில் உட்கார்ந்து கடலை தின்றால் இரண்டு குற்றம்” என்றார்.

அப்படியானால் முழக்கத்தை அப்படியே தலைப்பாக்கலாமா? அங்கேதான் பொருளாளரின் கட்சிக்கு வலு இருந்தது. ‘பர்மா பர்மியருக்கே’ என்று மொட்டையாக அச்சிட்டால் அது களஞ்சியத்தின் தீர்ப்புபோல நிற்கிறது. வரலாற்று ஆசிரியர் இன்னும் கொடிய உதாரணம் ஒன்றைக் காட்டினார். ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் வாயிலில் நாஜிகள் இரும்பில் செய்வித்து வைத்த வாசகம் ‘ஆர்பைட் மாக்ட் ஃப்ரை’. அதைத் தமிழாக்கி ‘உழைப்பே விடுதலை தரும்’ என்று தலைப்பிட்டால் நம் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைக்கத் தகுந்த பொன்மொழி ஆகிவிடும். ஆகவே இப்படித் தமிழாக்கினால் பொன்மொழியாகிவிடும் பிறமொழி முழக்கமானால் அதன் ஒலியைத் தமிழ் எழுத்தில் தந்து, பொருளை உள்ளே சொல்வது என்று அன்றே முடிவானது.

மூன்றாம் கூட்டத்தில் யாரோ ‘இனவெறி முழக்கம்’ என்று அடைமொழி சேர்க்கச் சொன்னார்கள். எல்லாரும் தலையசைத்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “1938இல் இங்கே ‘தமிழ்நாடு தமிழருக்கே’ என்று பெரியார் முழங்கினாரே, அதற்கு என்ன அடைமொழி போடுவீர்கள்?” சொல்லமைப்பு ஒன்று, காலமும் ஏறக்குறைய ஒன்று. கூட்டம் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொருவர் விடவில்லை. ‘வெள்ளையனே வெளியேறு’ என்பதை நாம் எப்படித் தலைப்பிட்டிருக்கிறோம் என்றார். ஆங்கிலத்தில் அந்த முழக்கத்தில் நிறமே கிடையாது; ‘இந்தியாவை விட்டு வெளியேறு’ என்ற அளவுதான். தோலின் நிறத்தையும் ‘அன்’ விகுதியையும் சேர்த்துக்கொண்டது நம் தமிழ். 1942 ஆகஸ்டில் தேவகோட்டை நீதிமன்றம் எரிந்ததையும், திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்ததையும் பெருமையோடு எழுதியிருக்கும் சீட்டில் அந்த முழக்கம் மேற்கோள்குறிகூட இல்லாமல் நிற்கிறது. நம் முழக்கம் பட்டுடுத்தி வரவேண்டும், அடுத்தவன் முழக்கம் கைவிலங்கோடு வரவேண்டும் என்றால் அது களஞ்சியம் ஆகாது. குடும்பப் பஞ்சாயத்து ஆகிவிடும்.

நான்காம் கூட்டத்தில் வழி கிடைத்தது. தமிழாசிரியைதான் காட்டினார். தமிழில் ‘என்னும்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘பர்மா பர்மியருக்கே என்னும் முழக்கம்’ என்று எழுதினால் கூற்று வேறொருவருடையது என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லப்போனால் ‘முழக்கம்’ என்ற சொல் முன்னே வந்து நின்று அகரவரிசையைக் கெடுத்துவிடும். அதனால்தான் அவர்கள் முழக்கத்தை எழுதிப் பக்கத்தில் அடைப்புக்குறி போடுகிறார்கள். நமக்கு ‘என்னும்’ பின்னால் வருவதால் தேடுகிறவர் தாம் கேட்ட சொல்லையே முதலில் காண்கிறார். மூன்று கூட்டம் தொண்டை வறண்ட பிறகுதான் இந்த ஆறெழுத்துச் சமாச்சாரம் எங்கள் கண்ணில் பட்டது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆறெழுத்தும் இல்லை, நான்குதான்.

விதி எல்லா முழக்கத்துக்கும் ஒன்றே. அடைமொழியும் ஆச்சரியக்குறியும் தலைப்பில் இராது. யார், எப்போது, யாரைப் பார்த்துச் சொன்னார், கேட்டவருக்கு என்ன ஆனது என்பவை முதல் பத்தியில் வரும். முழக்கமே ஒரு சட்டத்துக்கோ இயக்கத்துக்கோ பெயராகி நிலைத்துவிட்டால் அந்தப் பெயர்தான் தலைப்பு. இலங்கையில் 1956இல் வந்தது ஏட்டில் அரசகரும மொழிச் சட்டம். ஆனால் ‘தனிச் சிங்களச் சட்டம்’ என்றுதான் எவரும் தேடுவார்கள். வசைச்சொல் தனிச்சீட்டாக வரும், ‘வசைச்சொல்’ என்ற குறிப்போடு. எனவே ‘கலா’ இப்போது ‘க’ வரிசையில் கவுனி அரிசிக்கு முன்னால் இருக்கிறது.

சீட்டின் உள்ளே ஒன்று சேர்த்தோம். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1937இல் 25 சதவீதம். நெல் விலை வீழ்ந்து, கடன் திரும்பாமல், அடமான நிலம் செட்டியார்களின் வட்டிக்கடைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கடைகளை நடத்திய மேலாள்கள் பலர் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணத்தைத்தான் கேட்டார்கள். உழுதவனுக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? முழக்கத்தை எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் பாதிக் கணக்குத்தான்.

பொருளாளர் இன்னும் உடன்படவில்லை. அவருடைய மாற்றுக்கருத்து நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. நூல் சேகரிப்பாளரான கோட்டையூர் ரோஜா முத்தையா நல்லது கெட்டது பாராமல் துண்டறிக்கைகளையும் சேர்த்துவைத்ததால்தான் இன்று சென்னையில் ஆய்வு நூலகம் இருக்கிறது என்று நான் சொன்னபோது, “அவர் சேர்த்தார், முகப்பில் ஒட்டவில்லை” என்றார். அதுவும் சரிதான்.

ஒரு சீட்டு மட்டும் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊரிலேயே ஒரு சுவரில், ஒரு சாதியாரைப் பற்றி இரவோடிரவாக எழுதப்பட்டு, மறுநாள் காலையிலேயே வெள்ளையடித்து மறைக்கப்பட்ட வாசகத்தைப் பற்றியது. விதிப்படி அந்த வாசகமே தலைப்பாக வேண்டும். பர்மாவுக்கு விதி எழுதக் கை கூசவில்லை. இதற்கு யாரும் பேனாவை எடுக்கவில்லை, நானும்தான். தலைப்பு எழுதும் இடம் காலியாகவே சம்படத்தில் இருக்கிறது. வரும் சித்திரைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும்.

சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டுள்ளது. அதற்குத் தலைப்பு எதுவும் வைக்கவில்லை. ஆச்சி அனுப்பிய கவுனி அரிசி கூட்டம் முடிந்ததும் பரிமாறப்படும். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
காரைக்குடி