நம்ம ஊருக்கு மூன்று பெயர்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மக்கா,

கன்னியாகுமரி மாவட்டத்து நம்ம ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறேன் என்று நீ சொன்னதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் ‘கல்குளம்தான் நிஜப் பெயர், பத்மநாபபுரம் ராஜா வைத்தது, தக்கலை வெறும் பஸ் ஸ்டாண்ட்’ என்று போனில் சொன்னாயே, அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்படி எழுதிவிடாதே.

கல்குளம் பழைய பெயர், சரி. ஆனால் அதுவும் ராஜாக்கள் இருந்த ஊர்தான். இந்தப் பகுதியை ஆண்ட வேணாட்டு அரசர்கள் அதற்கு முன்னால் பக்கத்திலுள்ள திருவிதாங்கோட்டில் இருந்தார்கள். அந்தச் சின்ன ஊரின் பெயர்தான் திருவிதாங்கூர் என்று நாட்டுக்கே ஆனது. அப்புறம் கல்குளத்துக்கு வந்தார்கள். 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கொட்டாரம், அதாவது அரண்மனை, கட்டத் தொடங்கினார் என்பார்கள். 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா அதைப் பெரிதாக்கினார், கோட்டையைக் கருங்கல்லில் கட்டினார். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாயையே தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தவரும் அவர்தான். பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது, போய்ப் பார்.

1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, சாமிக்கு தாசனாக இருந்து ஆண்டார். கல்குளம் பத்மநாபபுரம் ஆனது அந்தப் பக்தியில்தான். அதே நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. பெயர் இங்கேயே நின்றுவிட்டது.

அதனால் கல்குளம் அழிந்துபோனதா? உன் தாத்தாவின் பட்டாவை எடுத்துப் பார், ‘கல்குளம் வட்டம்’ என்றுதான் இருக்கும். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடியே போகும் சிவாலய ஓட்டக்காரர்களிடம் கேள். காவி வேட்டியும் கையில் விசிறியுமாக, ‘கோபாலா, கோவிந்தா’ என்று கூப்பிட்டபடி பன்னிப்பாகத்திலிருந்து ஓடி வருவார்கள். அடுத்து எங்கே என்று கேட்டால், மூச்சு வாங்கிக்கொண்டே ‘கல்குளம்’ என்பார்கள். நீலகண்டசுவாமி கோயில் அவர்களுக்குப் பன்னிரண்டில் ஏழாவது. அந்தக் கோயில் இருப்பது பத்மநாபபுரத்தில்!

ஓட்டுப்போடப் போனால் பத்மநாபபுரம் தொகுதி, வரி கட்டினால் பத்மநாபபுரம் நகராட்சி. பஸ்ஸில் டிக்கெட் எடுத்தால் தக்கலை. எனக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை.

தக்கலையை வெறும் பஸ் ஸ்டாண்ட் என்று நீ சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பீர்முகமது அப்பா அடங்கியிருக்கும் ஊர் அது. தறி நெய்தபடி தமிழில் ஞானப் பாடல்கள் பாடிய சூஃபி. இன்றும் ஆண்டுவிழாவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுகிறார்கள். எந்த ராஜாவும் ஆணை போட்டு நடத்துகிற காரியமில்லை அது. கட்டுரையில் அதற்கு நல்ல இடம் கொடு.

1956 நவம்பர் 1 அன்று நாம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்ததை ஒரே வரியில் தாண்டிவிடாதே. அதற்கான போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்விட்டவர்கள் உண்டு. போராட்டத்தை முன்நின்று நடத்திய நேசமணி ஐயாவும் அவரோடு நின்றவர்களும் ஜெயிலுக்குப் போய்த்தான் இந்தச் சேர்ப்பு நடந்தது. அதை எழுதாத ஊர் வரலாறு எனக்கு வரலாறே இல்லை.

மண் நம்முடையதானாலும் கொட்டாரத்தைக் கேரளத் தொல்லியல் துறைதான் இன்றும் பார்த்துக்கொள்கிறது. அதில் எனக்குக் கோபமில்லை, நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். நவராத்திரிக்குக் கொட்டாரத்தின் உப்பரிகை மாளிகையிலிருந்து உடைவாளை எடுத்துக் கொடுக்க, சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது இரண்டு மாநிலத்துப் போலீசும் மரியாதை செய்கிறார்கள். கூட வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் போவார்கள். எல்லை மாறியும் சாமிகள் வழியை மாற்றவில்லை.

எழுதி முடித்ததும் எனக்கு ஒரு தடவை அனுப்பு. திருவிதாங்கோட்டை மட்டும் விட்டுவிடாதே, எல்லாரும் அதைத்தான் மறக்கிறார்கள்.

அன்புடன்,
மாமா