வௌவால்கள் சாலையைக் கடக்கும் இடங்களைக் கண்டறிய உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். சாலையில் வௌவால்கள் அடிபடாமல் காக்கும் வேலைக்கு உங்களிடம் நன்கொடை கேட்டு எங்கள் குழு எழுதுவது இது. இரவில் வண்டி ஓட்டும்போது ஹெட்லைட் வெளிச்சத்தில் கறுப்பாக ஏதோ குறுக்கே பாய்ந்து மறைவதைப் பார்த்திருப்பீர்கள். அது வௌவாலாக இருந்து அடிபட்டிருந்தால்கூட நமக்குத் தெரியப்போவதில்லை, ஏனென்றால் பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள் சில கிராம் எடைதான் இருக்கும், விடிவதற்குள் பூனையோ காக்கையோ தூக்கிப்போய்விடும், மிச்சமிருப்பது டயர்களில் தேய்ந்துபோகும். சாலையில் வௌவால்கள் சாகின்றன என்று சொன்னால் பலர் நம்பாததற்கு இதுதான் காரணம்.

வௌவால் எலியைப் போலக் குட்டி போட்டுத் தள்ளும் விலங்கு இல்லை. பெரும்பாலான இனங்களில் ஒரு தாய்க்கு ஆண்டுக்கு ஒரே குட்டி. நீண்ட ஆயுள்தான் அதன் பலம், 30 ஆண்டுக்கு மேல் வாழும் இனங்களும் உண்டு. அதனால் ஒரு தாய் அடிபட்டுப் போனால் அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டுகள் ஆகும், அது பால் கொடுக்கும் சமயமாக இருந்தால் இருப்பிடத்தில் தொங்கிக்கொண்டு காத்திருக்கும் குட்டியும் பட்டினியில் செத்துவிடும். இதை நினைத்தாலே எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

அடிபடுவது ஒரு பக்கம்தான். பல இனங்கள் மரவரிசையை ஒட்டியே பறக்கும், நடுவில் சாலை வந்து மரங்களை வெட்டிவிட்டால் அந்த வெட்டவெளியில் தாழ்ந்து, சரியாக வண்டிகளின் உயரத்துக்கு வந்துவிடும். வெளிச்சத்துக்குக் கூசும் இனங்கள் கடக்காமலே திரும்பிவிடும், அப்புறம் மறுபக்கத்து இரை அவற்றுக்கு இல்லை. தரையில் ஊரும் வண்டின் சரசரப்பைக் காதால் கேட்டுப் பிடிக்கும் வௌவால்களுக்கோ வண்டிச் சத்தமே இடைஞ்சல். இங்கிலாந்தில் ஒரு நெடுஞ்சாலையோரம் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வில், சாலையை ஒட்டிய இடத்தைவிட 1.6 கிலோமீட்டர் தள்ளி வௌவால் நடமாட்டம் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது.

சரி, என்ன செய்யப்போகிறோம்? முதலில் வௌவால்கள் சாலையை எங்கே, எத்தனை கடக்கின்றன என்று கணக்கெடுக்கப்போகிறோம். ஏன் என்று கேட்டால், இங்கிலாந்தின் வடபகுதியில் வௌவால்கள் கம்பிகளை ஒட்டி வண்டிகளுக்கு மேலே உயரமாகப் பறக்கட்டும் என்று சாலைக்கு மேலே கம்பிப் பாலங்கள் கட்டினார்கள், பெரும்பாலான வௌவால்கள் அவற்றைக் கண்டுகொள்ளாமல் பழைய தடத்திலேயே, வண்டி உயரத்திலேயே பறந்தன. ஆனால் அவை வழக்கமாகப் போகும் தடத்திலேயே அமைந்த ஒரு சுரங்கப்பாதையை நன்றாகப் பயன்படுத்தின. தடம் தெரியாமல் செலவழிக்கும் பணம் வீண், அதில் எங்கள் குழு உறுதியாக இருக்கிறது.

எனவே உங்கள் பணத்தில் முதலில் வாங்கப்போவது நம் காதுக்கு எட்டாத வௌவால் ஒலியைப் பதிவு செய்யும் கருவிகளும், விடியற்காலையில் சாலையோரம் நடந்து இறந்த உடல்களைத் தேடுபவர்களுக்கு டார்ச் லைட்டும், ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டையும். தடம் தெரிந்த பிறகு, இரு பக்கமும் உயரமாக வளரும் மரக்கன்றுகள், அவை வேர் பிடிக்கும்வரை தண்ணீர், அப்புறம் சாலைக்கு அடியில் அடைத்துக் கிடக்கும் சிறுபாலங்களைத் தூர்வாரி இருட்டாகவே வைத்திருக்கும் வேலை.

குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுங்கள், ரசீது தருகிறோம், மாதாமாதம் வரவு செலவை எல்லோருக்கும் காட்டுகிறோம். பணம் கொடுக்க முடியாதவர்கள் வாரத்தில் ஒரு விடியற்காலை எங்களோடு நடக்க வாருங்கள், அதற்கும் ஆள் போதவில்லை. குட்டி ஈனும் பருவத்துக்கு முன்பே கருவிகளைப் பொருத்தியாக வேண்டும், அதனால் கொடுக்க நினைப்பதை இப்போதே கொடுத்துவிடுங்கள்.