நாற்றத்துக்கு ஒரு நோட்டு

அன்புள்ள சேகர்,

பேத்தி காதுகுத்துக்கு வரமுடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் இருமல் ஒருத்தர் மாற்றி ஒருத்தருக்கு. சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன நாற்றம் இன்னும் அடிக்கிறதா என்று கேட்டிருந்தாய். அடிக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் அதிகம், பகலில் அதிகாரிகள் ஜீப்பில் வந்து நின்றால் மட்டும் மல்லிகைத் தோட்டம் மாதிரி இருக்கும்!

நீ கடலூரை விட்டுப் போனபிறகு நடந்த கதை ஒன்று உண்டு. முன்பெல்லாம் புகார் கொடுத்தால் என்ன வாயு, எவ்வளவு, ஆதாரம் எங்கே என்று நம்மையே கேட்பார்கள். 2004இல் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் பக்கத்து ஜனங்கள் சிலர் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மூடி இறுகப் பொருந்தும் சாதாரண பிளாஸ்டிக் வாளி, உள்ளே டெட்லார் என்கிற, காற்று கசியாத பிளாஸ்டிக் பை. வாளிக்குள் இருக்கும் காற்றை வெளியே உறிஞ்சினால் பை தானாக வெளிக்காற்றை இழுத்து உப்பிக்கொள்ளும். நாற்றம் அடிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பிடித்துவிட வேண்டும், காற்று திரும்பிவிட்டால் போச்சு. 1990களில் கலிஃபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்காக உருவான முறை இது, இந்தியாவில் முதலில் செய்தது நம்ம ஊர்தான். பையை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 நச்சு ரசாயனங்கள், அதில் 8 புற்றுநோய் தரக்கூடியவை என்று முடிவு வந்தது. அதே வருஷம் உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழுவும் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது.

எனக்கென்னவோ வாளியைவிட நோட்டுதான் பெரிசாகப் படுகிறது. தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன நாற்றம், கண் எரிந்ததா, தொண்டை கரகரத்ததா, எல்லாம் அதில் எழுதுவார்கள். அழுகின முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகின முட்டைக்கோஸ் என்றால் மெர்கேப்டான் என்கிற கந்தக ரசாயனம். பள்ளிக்கூடப் படியைச் சரியாக மிதிக்காத பெண்கள்கூட எந்தச் சுவரோரம் எந்த வாடை, எந்த நேரத்தில் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் தெருவில் இன்றைக்கும் எழுதுகிற அக்காவின் மகன் சிப்காட்டில்தான் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறான், அவன் ஷிஃப்டுக்குப் போனபிறகுதான் அக்கா நோட்டைத் திறக்கும். அந்த வீட்டு நிலைமையை வெளியூர்க்காரனுக்குப் புரியவைக்க முடியாது, உனக்குப் புரியும்.

ஜெயித்துவிட்டோமா என்று கேட்காதே. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலூரின் மாசுக்கு 77.45 மதிப்பெண் போட்டது. மதிப்பெண் கூடக்கூட மோசம் என்கிற பரீட்சை அது, 70ஐத் தாண்டினாலே மிக மோசமான பட்டியல். புதுத் தொழிற்சாலைகளுக்குத் தடை வந்தது, அப்புறம் அதையும் எடுத்துவிட்டார்கள். 2021 மே மாதம் ஒரு தொழிற்சாலையில் விபத்து, நாலு பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது எங்களுக்கு இடிக்கிறது மருத்துவப் பக்கம்தான். ஆஸ்பத்திரியில் இருமலுக்கு மருந்து தருவார்கள், ஊர் எது, எத்தனை வருஷமாக அங்கே குடியிருக்கிறாய் என்று யாரும் சீட்டில் எழுதுவதில்லை. நோட்டில் ராத்திரி அடித்த நாற்றமும், மறுநாள் வீசிங் வந்த பிள்ளையின் சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தானே பேச முடியும்? உன் மச்சினன் நெஞ்சக நோய் டாக்டர்தானே. ஊதிப் பார்க்கிற மெஷினோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துபோக முடியுமா என்று கேட்டுச் சொல். சாப்பாடு நம்ம வீட்டில். சிறுபிள்ளைகளையும், கம்பெனி வேலைக்குப் போகாத பெண்களையும் முதலில் பார்க்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன், அவர்களுக்குத்தான் பீடி, சிகரெட் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

அன்புடன்,
முருகன்