முதலில் லாக், பிறகு ஹேக்கிங்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரியில் சைபர் பாதுகாப்புப் பயிற்சி தொடங்குவோர் ‘ஹேக்கிங்’கில் ஆரம்பிக்க வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேர்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது லாக் (கணினியில் நடப்பவற்றின் பதிவு) படிக்கும் வேலைதான். 443-ஆம் போர்ட் (நெட்வொர்க் வாசல்) எதற்கு, தளப் பெயரை எண் முகவரியாக்கும் டிஎன்எஸ் எப்படி இயங்குகிறது, லினக்ஸில் 644 என்ற கோப்பு அனுமதிக்கும் 777-க்கும் என்ன வேறுபாடு என்று தெரியாதவருக்கு அது வெறும் எண்குவியல்.

பயிற்சிக் கூடத்துக்குப் பெரிய செலவில்லை. 16 ஜிபி ரேம் உள்ள கணினியில், அதற்குள்ளேயே மெய்நிகர் கணினிகளை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ், பாதுகாப்புச் சோதனைக் கருவிகள் கொண்ட காளி லினக்ஸ், தாக்கிப் பழக மெட்டாஸ்பிளாய்ட்டபிள் 2 ஆகியவற்றைத் தாராளமாக ஓட்டலாம், மூன்றும் இலவசம். சறுக்குமிடம் நெட்வொர்க் அமைப்பு. ‘பிரிட்ஜ்ட்’ என்று விட்டால், வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த அந்த மெட்டாஸ்பிளாய்ட்டபிள் இயந்திரம் வகுப்பின் வைஃபை முழுவதற்கும் திறந்து கிடக்கும். ‘ஹோஸ்ட் ஒன்லி’ (அந்தக் கணினிக்குள் மட்டும்) வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கம் மின்சாரத்தை நம்ப முடியாது (இணையத்தைச் சொல்லவே வேண்டாம்). பாதியில் கணினி அணைந்தால் விர்ச்சுவல் டிஸ்க் (மெய்நிகர் கணினியைச் சேமித்திருக்கும் கோப்பு) கெடலாம். யுபிஎஸ்ஸும் பென்டிரைவில் ஒரு பிரதியும் அவசியம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைந்தால் பிரிவு 43-இன்படி இழப்பீடு. மோசடி எண்ணமும் இருந்தால் பிரிவு 66-இன்படி 3 ஆண்டு வரை சிறை. பக்கத்து ரிசார்ட் வைஃபையில் ‘சும்மா பழகிப் பார்க்கும்’ பையன்களுக்கு இது தெரிவதில்லை.

ஒரு வாசகர்,
கோத்தகிரி.