கணக்கு சரி, கேள்விதான் கோணல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்து நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஆய்வுகள் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையையும், அதற்கு இந்த இதழில் வந்திருக்கும் கடிதங்களையும் படித்தேன். ஆராய்ச்சியாளர்கள் நேர்மையானவர்கள், கவலை வேண்டாம் என்கிறார் கட்டுரையாளர். கம்பெனிக் காசில் நடந்த ஆய்வு என்றால் படிக்காமலேயே குப்பையில் போடுங்கள் என்கிறார் ஒரு வாசகர். பணம் ஆய்வைக் கெடுப்பதென்றால் ஆய்வாளரின் சட்டைப்பை வழியாகத்தான் கெடுக்கும் என்று இருவருமே நினைக்கிறார்கள்.

நான் மருத்துவ மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நிறுவனங்கள் நடத்திய ஆய்வுகளை வகுப்பில் எத்தனையோ முறை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்திருக்கிறோம். கூட்டல் கழித்தலில் தப்பு கண்டுபிடித்தது அபூர்வம். பல்கலைக்கழகத்தில் அரைகுறையாக நடக்கும் சில ஆய்வுகளைவிட அவர்கள் கணக்கு சுத்தமாகவே இருக்கும். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்க்கும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. கோளாறு கணக்கு போட உட்காருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. எந்த மருந்தோடு ஒப்பிடுவது, எந்த அளவில் கொடுப்பது, எத்தனை வாரம் பார்ப்பது, எதை வெற்றி என்று சொல்வது என்பதையெல்லாம் முடிவு செய்யும் மேசையில் பணம் கொடுத்தவரும் உட்கார்ந்திருக்கிறார்.

மனச்சிதைவு நோய்க்கான புதிய மருந்துகளை ஒன்றோடொன்று நேரடியாக மோதவிட்ட ஆய்வுகளைத் திரட்டி, ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு குழு 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. நிறுவனப் பணத்தில் நடந்தவை 33. அவற்றில் 90 சதவீதத்தில், யார் பணம் கொடுத்தாரோ அவருடைய மருந்தே ஜெயித்திருந்தது. ஓலன்சபின் ரிஸ்பெரிடோனை வெல்கிறது, ரிஸ்பெரிடோன் க்வெட்டியாபினை வெல்கிறது, க்வெட்டியாபின் ஓலன்சபினை வெல்கிறது. அந்தக் கட்டுரையின் தலைப்பே இதுதான். இதை வகுப்பில் எழுதிப்போட்டால் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், இதில் எந்த ஆய்வு பொய் என்று கேட்பேன். எதையும் பொய் என்று காட்ட முடியாது. எதிராளி மருந்தைக் குறைவான அளவில் கொடுத்தால் அது வேலை செய்யாததுபோலத் தெரியும். கூடுதலாகக் கொடுத்தால் பக்கவிளைவு அதிகம் என்று தெரியும். அதே நோய்க்கான பழைய மருந்தான ஹாலோபெரிடாலை அதிக அளவில் கொடுத்து, பாருங்கள், எங்கள் புதிய மருந்தில் கைநடுக்கம் குறைவு என்று சொன்ன ஆய்வுகள் உண்டு. சொன்னது உண்மைதான்!

அடுத்தது, நடந்து முடிந்தும் வெளியே வராத ஆய்வுகள். மனச்சோர்வு மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் பதிவாகியிருந்த 74 ஆய்வுகளை எரிக் டர்னர் என்ற மருத்துவர் தம் குழுவோடு எடுத்துப் பார்த்தார். அவர் முன்பு அந்த அமைப்பிலேயே வேலை பார்த்தவர். எஃப்டிஏ கணக்குப்படி 38 ஆய்வுகள் மருந்துக்குச் சாதகம். அதில் 37 அச்சேறிவிட்டன. மீதி 36 பாதகம் அல்லது சந்தேகம். இவற்றில் 22 அச்சுக்கே வரவில்லை. 11 ஆய்வுகள் வெற்றிபோலத் தோன்றும்படி எழுதப்பட்டு வெளிவந்தன. தோல்வியைத் தோல்வி என்று சொல்லி வந்தவை மூன்றே மூன்று. ஆய்விதழ்களை மட்டும் படிக்கும் மருத்துவருக்கு 94 சதவீத ஆய்வுகள் வெற்றி என்று தெரியும். உண்மையில் வெற்றி 51 சதவீதம். அந்த மருத்துவர் எந்த நிறுவனத்திடமும் ஒரு பேனாகூட வாங்காதவராக இருக்கலாம். ஆனாலும் அவர் எழுதும் மருந்துச் சீட்டில் சாய்வு ஏறிவிடுகிறது.

தோல்வி மட்டும்தான் புதைக்கப்படும் என்றில்லை. கலிஃபோர்னியாவில் பெட்டி டாங் என்ற ஆராய்ச்சியாளர், சின்த்ராய்டு என்ற தைராய்டு மாத்திரையை விலை குறைந்த மற்ற தயாரிப்புகளோடு ஒப்பிட்டார். பணம் கொடுத்தது சின்த்ராய்டு தயாரித்த நிறுவனம். 1990 வாக்கில் ஆய்வு முடிந்தது. எல்லா மாத்திரையும் சமம் என்று வந்தது. 1995 ஜனவரியில் ஆய்விதழில் வர வேண்டிய கட்டுரை கடைசி நேரத்தில் திரும்பப் பெறப்பட்டு, 1997இல்தான் வெளிவந்தது. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் வெளியிடக்கூடாது என்று அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அப்படியொரு ஒப்பந்தத்தில் நானும் ஒருமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அந்த வரியைப் படிக்காமலே. சிறிய ஆய்வு, முடிவும் அவர்களுக்குச் சாதகமாக வந்தது. அதனால் அந்த வரிக்குப் பல் இருந்ததா என்று பார்க்க நேரவில்லை. வேறு மாதிரி வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முடிவுக்கு விளக்கம் சொல்லும் இடத்திலும் சாய்வு வரும். வையாக்ஸ் என்ற வலிநிவாரணி பற்றி 2000இல் வெளியான ஆய்வு ஓர் உதாரணம். சுமார் 8,000 மூட்டுவாத நோயாளிகளில், நாப்ராக்ஸன் என்ற இன்னொரு வலிநிவாரணி எடுத்தவர்களைவிட வையாக்ஸ் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்தது. ஒன்று, வையாக்ஸ் இதயத்தைக் கெடுக்க வேண்டும். அல்லது நாப்ராக்ஸன் இதயத்தைக் காக்க வேண்டும். தயாரித்த மெர்க் நிறுவனம் இரண்டாவது விளக்கத்தைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் இதய ஆபத்து காரணமாகவே 2004 செப்டம்பரில் வையாக்ஸ் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

இதையெல்லாம் செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லி முடித்துவிட முடியாது. அப்படியென்றால் அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வு தூய்மையாக இருக்க வேண்டுமே! அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்த பெரிய ஆய்வுகளைப் பற்றி 2015இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது. 2000க்கு முன்பு வெளியான 30 ஆய்வுகளில் 17இல் சிகிச்சைக்குப் பலன் தெரிந்தது. அதற்குப் பிறகு வெளியான 25இல் வெறும் இரண்டில்தான். எதை அளக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்ற வழக்கம் இடையில் வந்ததே முக்கியக் காரணம் என்று அந்தக் கணக்கெடுப்பைச் செய்தவர்கள் கருதினார்கள். எனக்கும் அப்படியே தோன்றுகிறது. அம்பை எய்துவிட்டு, விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட முடியாமல் போயிற்று. தன் கருத்தின் மேல் ஆய்வாளருக்கு இருக்கும் ஆசையும் ஒரு முதலாளிதான். ஆகவே குப்பையில் போடச் சொன்ன வாசகர் எந்தக் காசில் நடந்த ஆய்வாக இருந்தாலும் பதிவேட்டைத் தேடட்டும். அங்கே எழுதிவைத்த கேள்விக்கும் அச்சான பதிலுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

ஆய்வுக் கட்டுரையின் கடைசியில், யாரிடம் பணம் வாங்கினோம் என்று ஆய்வாளர்கள் பொடி எழுத்தில் சொல்லும் நலமுரண் அறிவிப்பையே பெரிய பாதுகாப்பாகக் காட்டியிருந்தார் உங்கள் கட்டுரையாளர். யார் பணம் என்று தெரிவது நல்லதுதான். ஆனால் வெளிவராமல் போன 22 ஆய்வுகளுக்கு எந்த அறிவிப்பு இருக்கிறது?

உங்களிடம் ஒரு குறையும் உண்டு. அதே இதழில் ஒரு புதிய மருந்தைப் பற்றி, ‘மாரடைப்பு அபாயம் பாதியாகக் குறைகிறது’ என்று பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். எதில் பாதி? நூறு பேரில் இருபது பேர் பத்தானாலும் பாதிதான். ஆயிரம் பேரில் இரண்டு பேர் ஒருவரானாலும் பாதிதான். எதோடு ஒப்பிட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்பதும் செய்தியில் இல்லை. நிறுவனத்தின் பத்திரிகைக் குறிப்பை அப்படியே தமிழாக்கியதுபோல இருந்தது. இந்த மூன்றையும் அடுத்த இதழில் அதே அளவு பெட்டியில் போட முடியுமா? ஆய்வின் பதிவு எண் பெரும்பாலும் மூலக் கட்டுரையின் சுருக்கத்துக்குக் கீழேயே இருக்கும். உங்கள் உதவி ஆசிரியருக்கு அரை மணி நேர வேலை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்