ஊசியும் மனசும்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். “மனசு சரியில்லைன்னா தலையில ஊசி குத்துறாங்களா?” என்று நீ போனில் பதறினாய். அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கிலாந்தில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடும். வேலை விட்டால் அறை, அறை விட்டால் வேலை. தூக்கம் கெட்டது, பசி போனது, பிடித்த பாட்டுகூடக் கேட்கப் பிடிக்கவில்லை. டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதினார். அதை இன்னமும் விடாமல் சாப்பிடுகிறேன். நீ கேட்ட அந்த ஊசி, அதாவது உடம்பில் சில இடங்களில் மெல்லிய ஊசி குத்தும் அக்குபஞ்சர் என்ற சீன வைத்தியம், அதற்குத் துணை மட்டும்தான், அதுவும் அவரிடம் சொல்லிவிட்டே ஆரம்பித்தேன்.

ஊசி தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். ஒரு தடவை குத்தியதை மறுபடி பயன்படுத்துவதில்லை. உச்சந்தலையில் ஒன்று, புருவ மத்தியில் ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்று. சுருக்கென்று குத்தியதும் வைத்தியம் பார்க்கும் அம்மா ஊசியை மெதுவாகத் திருகுவார். வலி இல்லை. உள்ளே கனமாக, மரத்த மாதிரி ஒரு குடைச்சல் பரவும். சீன வைத்தியத்தில் இதைத் ‘தே சி’ என்கிறார்கள்.

நான் அசந்துபோனது இந்த இடத்தில்தான். 2000-இல் அமெரிக்காவில் நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்களுக்குக் கையில் அதே இடத்தில் குத்தி, எம்.ஆர்.ஐ.-யில் மூளையைப் பார்த்திருக்கிறார்கள். இந்தக் குடைச்சலை உணர்ந்தவர்களுக்கு, பயத்தையும் பதற்றத்தையும் கிளப்பும் அமிக்டலா, ஞாபகத்தோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் போன்ற பகுதிகளில் செயல்பாடு தணிந்தது. வெறும் வலியாக உணர்ந்தவர்களுக்கு அப்படித் தணியவில்லை. மனச்சோர்வில் அமிக்டலா பெரும்பாலும் அளவுக்கு மீறித் துடிப்பாக இருக்கும் என்பதால் இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எலிகளிடம் ஊசி வழியே லேசான மின்சாரம் செலுத்திப் பார்த்ததில், நரம்புசெல்கள் வளர உதவும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் ஹிப்போகேம்பஸில் கூடியதும் தெரிந்திருக்கிறது. ஆனால் எலி எலிதான், அக்கா. மனுஷனின் சோகம் இந்த வழியில்தான் குறைகிறது என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது; இங்கேயே, வடக்கு இங்கிலாந்தில் நடந்தது. மனச்சோர்வுள்ள 755 பேர். வழக்கமான சிகிச்சையோடு அக்குபஞ்சரோ கவுன்சலிங்கோ சேர்த்துக்கொண்டவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மூன்றாம் மாதத்தில் மனச்சோர்வு குறைந்திருந்தது. ஆனால் அதில் போலி ஊசி வைத்து, அதாவது சும்மா குத்துவதுபோல் செய்து, ஒப்பிடவில்லை. யாரோ ஒருவர் வாராவாரம் அக்கறையாகக் கவனித்துக்கொண்டதில் எவ்வளவு பலன், ஊசியில் எவ்வளவு என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. 2018-இல் 64 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற குழுவும், பலன் இருக்கலாம், சான்றுகளின் தரம்தான் போதவில்லை என்றது.

எனக்கு என்ன ஆனது என்கிறாயா? தூக்கம் முதலில் திரும்பியது. மாத்திரையா ஊசியா என்று என்னால் சொல்ல முடியாது. ஊசி போட்டுப் படுத்திருக்கும் அந்த நேரத்தில் மண்டைக்குள் ஓடும் இரைச்சல் அடங்குகிறது, அது மட்டும் உறுதி.

அப்புறம், மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்குப் போகலாமா என்று கேட்ட உன் தோழியிடம், வேண்டவே வேண்டாம் என்று சொல். திடீரென நிறுத்தினால் உடம்பும் மனசும் படுத்திவிடும். அவளுடைய டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முறையாகப் படித்தவரிடம் போகட்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாள் என்றால் முதல் நாளே அதைச் சொல்லிவிட வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்பதுபோல் ஒரு வார்த்தை பேசினாலும் ஊசிக்கெல்லாம் காத்திராதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

அம்மாவிடம் இந்த ஊசிக் கதையை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் தம்பி