உன் மகன் படகு ஓட்டும் முன்

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து, தண்ணீர்மலைப் படிகளை மறுபடியும் ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். செந்தூலில் அதே வீடுதான். பெரியவள் ஜொகூருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். சாயங்காலம் ஆனால் இடியும் மழையும்.

உன் மகன் சிநேகிதனோடு பங்கு போட்டு ஒரு பழைய படகு வாங்கியிருக்கிறான், பினாங்கின் பத்து ஃபெரிங்கிக் கடற்கரையில் வேக்போர்டு, அதாவது காலில் மாட்டிய பலகையில் நின்று தண்ணீரில் சறுக்குகிறவர்களைக் கயிறு கட்டி, இழுக்கப் போகிறான் என்று எழுதியிருந்தாய். அதில் ஆபத்து உண்டா என்றும் கேட்டிருந்தாய். தங்கை மகளுக்குப் புத்ராஜெயா ஏரியில் ஞாயிறு காலைகளில் படகு ஓட்டுவது நான்தான் என்பதால், அவனுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்துவிடு.

முதலில் அவன் பார்க்க வேண்டியது, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் காற்றாடி எங்கே இருக்கிறது என்பதை. வேக்போர்டுக்கென்றே கட்டிய படகில் என்ஜின் உள்ளே இருக்கும்; காற்றாடி படகின் அடிவயிற்றுக்குக் கீழே, ஆட்கள் ஏறி இறங்கும் பின் பலகைக்கு முன்னாலேயே அடங்கியிருக்கும். கடற்கரைப் படகுகளில் பெரும்பாலும் என்ஜின் பின்னால் தொங்கும். விழுந்தவர் நீந்தி வந்து ஏறும் இடத்திலேயே காற்றாடியும் சுற்றும். அப்படிப்பட்ட படகில் இழுக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆள் பக்கத்தில் வருவதற்குள் என்ஜின் முழுதாக நின்றிருக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் அவன் கேட்கக் கூடாது. எந்தப் படகானாலும் தண்ணீரில் இருப்பவரை நோக்கி ரிவர்ஸில் போகவே கூடாது. அவசரத்தில் என்ஜினை அணைக்கும் கயிற்றை எப்போதும் உடம்பில் மாட்டிக்கொள்ளச் சொல். என்ஜின் ஓடும்போது பின் பலகையில் யாரையும் உட்கார விடவும் கூடாது. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு அங்கேதான் தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

தண்ணீர் சறுக்கில் போகிறவர்களுக்கு அலை சின்னதாக இருந்தால்தான் பிடிக்கும். வேக்போர்டுக்காரர்களுக்கு நேர்மாறு. படகு கிழித்துவிட்டுப் போகும் அலைதான் அவர்கள் எகிறிக் குதிக்கும் மேடை. அதனால் படகிலுள்ள தொட்டிகளில் தண்ணீரை நிரப்பிப் பாரம் ஏற்றுவார்கள். பாரம் கூடக் கூடப் படகு ஆழமாக அமிழும், அலை பெரிதாகும். வேகம் குறைந்தால் அலையின் உச்சி நுரைத்து உடைந்துபோகும். கூடினால் அலை சப்பையாகிவிடும். பழகுகிறவர்களுக்கு மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர், தேறியவர்களுக்கு 35 சுற்றுவட்டம். கயிறு தேறியவர்களுக்கு 20 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். புதியவர்களுக்கு அதைவிடக் குட்டை. சாதாரண நைலான் கயிற்றை மட்டும் கட்டிவிடாதே என்று சொல். அது இழுபட்டு நீளும். கையை விட்டால் படகை நோக்கித் திரும்பிப் பாயும்.

புதிதாக வருகிறவரைத் தண்ணீரிலிருந்து எழுப்புவதுதான் கை பழக வேண்டிய இடம். அவர் முட்டியை நெஞ்சோடு மடக்கி, பலகையைக் குறுக்கே வைத்து மிதப்பார். முதலில் படகை மெல்ல நகர்த்திக் கயிற்றின் தொய்வை எடுக்க வேண்டும். அவர் தயார் என்று குரல் கொடுத்த பிறகுதான் வேகம். அதுவும் கிணற்றிலிருந்து நிறைவாளியை இழுப்பது போல, வெடுக்கென்று இல்லாமல் சீராக. வேக்போர்டு அகலமான பலகை, தானாகவே மேலே வரும். ஆத்திரப்பட்டு முழு வேகத்தில் இழுத்தால் பலகை தண்ணீரை உழும், கைப்பிடி பறிபோகும். நாலு தடவை இப்படி ஆனால் அந்தப் பிள்ளை தனக்குத் தெம்பில்லை என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடும். ஓட்டுகிறவன் செய்த தப்புக்கு ஒரு பிள்ளை தன்னையே நொந்துகொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எழுந்து நின்ற பிறகு நேர்க்கோட்டில், ஒரே வேகத்தில் போக வேண்டும், அவ்வளவுதான். புதிய படகுகளில் ஜிபிஎஸ் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். உன் மகன் கையால்தான் பிடிக்க வேண்டியிருக்கும். அவன் கண் முன்னால் இருக்கட்டும். பின்னால் பார்ப்பதற்குக் கண்ணாடியும் போதாது, அதற்கென்று இன்னொரு ஆள் வேண்டும். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, தலையைத் தட்டினால் கரைக்குப் போகலாம். இதையெல்லாம் அந்த ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேண்டாம்.

நல்ல ஓட்டுநரை நான் அடையாளம் காண்பது, ஒருவர் விழுந்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதை வைத்துத்தான். பலர் வேகத்தோடே வளைத்துத் திரும்புவார்கள். பார்க்க வீரமாக இருக்கும். ஆனால் அந்தத் திருப்பம் கிளப்புகிற அலை எல்லாப் பக்கமும் பரவி, கரையில் மோதித் திரும்பி வந்து, வெகுநேரம் தண்ணீரைக் கெடுத்து வைக்கும். விழுந்து மூச்சு வாங்குகிறவர் முகத்திலும் அதுதான் அறையும். முதலில் வேகத்தைக் குறைத்துப் படகை அமர விட வேண்டும். அப்புறம் மெல்லத் திரும்பி, போன தடத்திலேயே வர வேண்டும். விழுந்தவர் எப்போதும் ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணிலிருந்து மறையவே கூடாது.

வந்ததும் கயிற்றை நீட்டாமல் முதலில் பேச்சுக் கொடுக்கச் சொல். பலகையின் விளிம்பு தண்ணீரில் சிக்கினால் ஆள் ஒரு நொடியில் குப்புற விழுவார், இல்லை பின்மண்டை தண்ணீரில் அறையும். தலையில் அடிபட்டவர் சிரித்துக்கொண்டே 'இன்னொரு தடவை' என்பார். பதில் தெளிவாக இருக்கிறதா, கண் நேராகப் பார்க்கிறதா என்று கவனித்து, சந்தேகம் இருந்தால் படகில் ஏற்றிவிட வேண்டும். காசு கொடுத்து வந்தவரிடம் போதும் என்று சொல்லும் துணிச்சல் உன் மகனுக்கு வர வேண்டும். அவனைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், வரும் என்றுதான் நம்புகிறேன்.

எங்கள் ஏரி இதற்குத் தோதான இடம். 2017-இல் தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டியில் தண்ணீர் சறுக்கும் வேக்போர்டும் அங்கேதான் நடந்தன. உங்கள் பக்கம் கடல். காற்று எழும்பினால் தண்ணீர் சலசலத்துப் பலகை தடதடக்கும். காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. பத்து ஃபெரிங்கியில் பாராசெயில் படகும் ஜெட் ஸ்கீயும் குளிக்கிறவர்களும் ஒரே கரையில். தெலுக் பஹாங் பக்கம் போனால் மீனவர்களின் வலை. எந்தப் பக்கம் இழுப்பது என்று அங்கே தொழில் செய்கிறவர்களிடம் அவன் முதலில் போய்க் கேட்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அவனை இங்கே அனுப்பி வை. பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறி, சனிக்கிழமையே வந்து எங்கள் வீட்டில் தங்கட்டும். முதல் நாள் ஸ்டீயரிங் தரமாட்டேன். பின்னால் பார்க்கும் ஆளாக உட்கார வைப்பேன். நீயும் கூட வந்தால் தங்கச்சி பசியாற ஆப்பம் சுடுவாள். படகின் என்ஜின் எத்தனை குதிரைத் திறன், ஏணி எந்தப் பக்கம் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி